மிகாசா வி200டபிள்யூ: பள்ளி அணியின் பயத்தைப் போக்குமா இந்தப் பந்து?

மஞ்சளும் நீலமுமாக 18 பட்டைகள் கொண்ட இந்தப் பந்தை 2019 முதல் சர்வதேச வாலிபால் சம்மேளனத்தின் போட்டிகளில் பார்க்கிறோம். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இதுதான். பள்ளி அணிக்கு இவ்வளவு விலையில் பந்து தேவையா என்று உடற்கல்வி ஆசிரியர்கள் தயங்குவது நியாயம். சாதாரணப் பந்து ஒன்றின் விலையைப் போலப் பல மடங்கு ஆகிறது. எத்தனை நாள் உழைக்கும், பிடிமானம் எப்படி என்பது பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே பார்க்கப்போவது வேறு: போட்டியில் பதறும் பிள்ளைகளுக்கு இந்தப் பந்து என்ன செய்கிறது என்பதை.

"பையனுக்கு மனசு போதாது, மேட்ச்னா கை நடுங்குது" என்று சொல்லப்படும் பிழைகளில் கணிசமானவை பந்தோடு பழக்கம் இல்லாததில் தொடங்குகின்றன. தேய்ந்துபோன ரப்பர் பந்தில் ஆண்டு முழுக்க ஆடிவிட்டு, மாவட்டப் போட்டியில் புதுப் பந்தைக் கையில் வாங்கும் மாணவிக்கு அதன் எடை, துள்ளல், காற்றில் அது விலகும் விதம் எல்லாமே அந்நியம். எதிரணியின் சர்வீஸை வாங்கும் ரிசீவ் முதல் இரண்டு தவறினால் போதும், பிறகு அவள் பந்தைப் பார்க்கமாட்டாள். தன் கையைப் பார்ப்பாள். பழகிய திறமையை அடிக்கு அடி கண்காணிக்கத் தொடங்கினால் அது குலையும் என்று விளையாட்டு உளவியலார் சொல்வது இந்த நிலையைத்தான். தைரியம் சொல்லி இதைச் சரிசெய்ய முடியாது. போட்டிப் பந்தை முன்பே கையில் கொடுத்தால் பெருமளவு சரியாகும்.

இந்தப் பந்தின் பெரிய பலம் அதன் இரு நிறப் பட்டைகள். சுழற்சி இல்லாமல் வரும் ஃப்ளோட் சர்வீஸில் பட்டைகள் தெளிவாகத் தெரியும். முன்னோக்கிச் சுழன்று வரும் டாப் ஸ்பின்னில் நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கும். இதை வைத்து ஒரு பயிற்சி. சர்வீஸ் போடுபவர் விருப்பம்போல மாற்றி மாற்றி அடிக்கட்டும். ரிசீவர், பந்து வலையைக் கடக்கும் முன் "ஃப்ளோட்" அல்லது "ஸ்பின்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பாஸ் தவறினாலும் ஒரு புள்ளி. சொல்லாமல் நல்ல பாஸ் கொடுத்தாலும் புள்ளி இல்லை. ஆளுக்கு 12 சர்வீஸ் போதும், அதற்கு மேல் போனால் கண் சோர்ந்து வாய் மட்டும் சொல்லும். தேர்ந்த ரிசீவர்களின் கண் பந்தைச் சீக்கிரமே பிடித்து நீண்ட நேரம் பின்தொடர்கிறது என்று விக்கர்ஸ், அடால்ஃப் இருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்தப் பார்வைப் பழக்கத்தை இந்தப் பயிற்சி வளர்க்கிறது. கண்ணுக்கு ஒரு வேலை இருக்கும்போது "விட்டுவிடுவேனோ" என்ற எண்ணத்துக்கு இடம் குறைகிறது. ஒற்றை நிறப் பந்தில் இது இவ்வளவு எளிதாக வராது.

சர்வீஸ் போடுபவருக்கும் இதே பட்டைகள் உடனடியாகப் பதில் சொல்கின்றன. ஃப்ளோட் அடித்த பந்து சுழன்றால் உள்ளங்கை பந்தின் நடுவில் படவில்லை என்று அவரே பார்த்துக்கொள்ளலாம். "மணிக்கட்டை இறுக்கு, தோளைத் திருப்பு" என்று அடுக்காதீர்கள். கவனத்தை உடலின் மேல் வைப்பதைவிடப் பந்தின் மேலும் இலக்கின் மேலும் வைத்துச் சொல்லும் திருத்தங்கள் சர்வீஸின் துல்லியத்தைக் கூட்டுகின்றன என்பதை கேப்ரியேல வுல்ஃப் குழு 2002-ல் வாலிபால் சர்வீஸை வைத்தே சோதித்துப் பார்த்தது. "பட்டை அசையாமல் 5-ம் இடத்துக்கு அனுப்பு" என்றால் போதும் (5-ம் இடம் என்பது எதிரணியின் பின்வரிசையில் அவர்களுக்கு இடப்பக்க மூலை). "நெட்டில் அடிக்காதே" என்பது மிக மோசமான அறிவுரை. அடிக்கும் கணத்தில் மாணவர் மனதில் நெட் மட்டுமே நிற்கும்.

விசிலுக்குப் பின் சர்வீஸ் போட 8 விநாடி உண்டு. இரண்டு முறை தட்டி, வால்வு கீழே இருக்கும்படி பந்தைத் திருப்பி, ஒரு நீண்ட மூச்சு விட்டு, விழ வேண்டிய இடத்தை ஒருமுறை பார்த்து அடிப்பது அதற்குள் தாராளமாக அடங்கும். எந்தச் சடங்கு என்பது பெரிதல்ல, 3-3-லும் 23-23-லும் அது மாறக்கூடாது. ரேலி முறையில் சர்வீஸ் தவறினாலே எதிரணிக்குப் புள்ளி என்பதால் கடைசிப் புள்ளிகளில் பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள். 22-23 என்று பலகையில் எழுதி, ஆளுக்கு ஒரே ஒரு சர்வீஸ் கொடுத்து, மற்றவர்கள் கத்த, அடித்ததும் வரிசையின் கடைசிக்கு அனுப்புங்கள். வரிசையாக 20 அடிப்பது கைக்குப் பயிற்சி, அந்த ஒற்றைச் சர்வீஸ்தான் மனதுக்கு.

அடுத்தது காற்று. இதைப் பள்ளிகளில் யாரும் கண்டுகொள்வதில்லை என்பது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. விதிப்படி உள்ளழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.30 முதல் 0.325 கிலோ, அதாவது சுமார் 4.3 முதல் 4.6 பிஎஸ்ஐ. சைக்கிள் பம்பின் அளவுமானியில் இந்த அளவு படிக்கவே வராது. குறைந்த அழுத்தம் காட்டும் சிறிய மானி ஒன்று வாங்குங்கள். காலையில் 25 டிகிரியில் சரியாக அடித்த பந்து, வெயிலில் கிடந்து 45 டிகிரி ஆனால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ கூடிவிடும். கல்லாகிப்போன அந்தப் பந்து முன்கையில் சுளீரென்று படும். அடிபட்ட பிள்ளை அடுத்த பந்துக்குக் கண்ணை மூடும், தலையைத் திருப்பும், தோளைத் தூக்கும். பந்து பின்னால் பறக்கும். அதைப் பயம் என்று திட்டுகிறோம். அது வலி. வலிக்கும் பந்தில் நூறு ரிசீவ் எடுக்க வைத்தால் கண் மூடும் பழக்கம்தான் நூறு முறை பதியும். பந்துகளை நிழலில் வையுங்கள், மதியப் பயிற்சிக்கு முன் மீண்டும் அளந்து பாருங்கள். ஊசியைச் சொட்டுக் கிளிசரின் தடவி நேராகச் செருகுங்கள், சாய்த்தால் வால்வு கிழியும்.

குறைகளும் உண்டு. சிமென்ட் தரைக்கு இது ஏற்றதல்ல. மேற்பரப்பின் நுண்குழிகள் தேய்ந்தால் பறக்கும் விதமே மாறும், அப்புறம் போட்டிப் பந்தோடு பழகுவது என்ற நோக்கம் போய்விடும். செம்மண் தரையில் புழுதி குழிகளில் அடையும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும், சோப்பு வேண்டாம்.

ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள். இதன் எடை 260 முதல் 280 கிராம். ஜப்பானில் தொடக்கப்பள்ளிக்கு 200 முதல் 220 கிராம் பந்தும், நடுநிலைப்பள்ளிக்கு 240 முதல் 260 கிராம் பந்தும் தனியாக வைத்திருக்கிறார்கள். முதல் ஆண்டில் வலியில்லாமல் பந்தை எதிர்கொண்ட பிள்ளை மூன்றாம் ஆண்டில் வேகமான ஸ்மாஷுக்கும் கண்ணைத் திறந்து வைத்திருக்கும்.

ஒரே ஒரு பந்து வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பதில் பயனில்லை. "விலை கூடின பந்து, பார்த்து ஆடு" என்று ஒருமுறை சொன்னாலே போதும், பிள்ளையின் கவனம் ஆட்டத்தை விட்டு விலைக்குப் போய்விடும். குறைந்தது இரண்டு வாங்குங்கள். பணம் போதாவிட்டால் இதே 18 பட்டை வடிவில், இதைவிட விலை குறைந்த வி300டபிள்யூ இரண்டு வாங்குவது மேல். சந்தையில் போலிகள் உலவுவதால் கடையிலேயே தராசில் நிறுத்து, நாடாவால் சுற்றளவையும் பாருங்கள்: 65 முதல் 67 செ.மீ. இருக்க வேண்டும். தினப் பயிற்சியைப் பழைய பந்துகளில் வைத்துக்கொண்டு, போட்டிக்கு முந்தைய மூன்று வாரங்களில் சர்வீஸ், ரிசீவ் இரண்டையும் இதில் மட்டும் எடுங்கள்.

வாங்கும் முன் போட்டி நடத்துபவர்களிடம் எந்தப் பந்து என்று கேட்டுவிடுங்கள். வேறு நிறுவனப் பந்து என்றால் அதில் ஒன்றை வாங்குவதே சரி. அதுவும் முடியாவிட்டால், போட்டியன்று வார்ம்-அப்பில் முதல் ஐந்து நிமிடத்தை ஸ்மாஷுக்குக் கொடுக்காமல் ரிசீவுக்குக் கொடுங்கள், பின்வரிசையில் தடுப்பாட்டம் மட்டும் ஆடும் லிபரோவுக்கு முதலில்.