சிட்ஜஸ் போனால் ஆகஸ்ட் 23-இல் போங்கள்

பார்சிலோனாவில் ஆர்2 தெற்கு ரயிலில் ஏறினால் ஏறக்குறைய 40 நிமிடத்தில் ஸ்பெயினின் கடலோர ஊரான சிட்ஜஸ். இடது பக்க ஜன்னலோரமாக இடம் பிடியுங்கள், காஸ்டல்டெஃபல்ஸ் தாண்டியதும் வண்டி குகைப் பாதைகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரும், வரும்போதெல்லாம் பக்கத்திலேயே கடல்.

நானும் என் துணைவனும் போனது ஊர்த் திருவிழாவுக்கு. ஃபெஸ்தா மஜோர் என்கிறார்கள். புனித பர்த்தலமேயுவின் நாள் ஆகஸ்ட் 24, ஆனால் முந்தைய நாள் மதியமே தெருக்கள் நிரம்பிவிடுகின்றன. ராஜா ராணி வேடத்தில் ராட்சத பொம்மைகள், கோலாட்டம் மாதிரி கம்படித்து ஆடும் பையன்கள், ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் கட்டும் மனிதக் கோபுரம், இவற்றோடு பிசாசு வேடக்காரர்களும் வாயில் வாணம் செருகிய டிராகனும் வரும். சந்து குறுகலானது, பொறி தலைமேலேயே விழும். பருத்தியில் முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு, தலைக்கு ஒரு வைக்கோல் தொப்பி கட்டாயம். எங்களிடம் தொப்பி இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி தன் கழுத்துத் துணியை அவிழ்த்து என் தலையில் கட்டிவிட்டு, அவனைக் காட்டி "உன் கணவனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உடனே தன் பேரனிடமிருந்து இன்னொரு துணியைப் பிடுங்கி அவன் தலையிலும் கட்டிவிட்டு, டிராகனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார், அவ்வளவுதான். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. அந்தக் கேள்விக்குத் தெருவில் நின்று உண்மையான பதில் சொன்னது எனக்கு அதுதான் முதல் முறை.

இரவு தேவாலயப் பாறை உச்சியிலிருந்து வாணவேடிக்கை. கடற்கரை மணலில் முன்னாலேயே போய்த் துண்டு விரித்து உட்கார்ந்துவிடுங்கள்.

தன்பாலீர்ப்பாளர்கள் அதிகம் போகும் பாஸ்ஸா ரோடோனா கடற்கரை ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, ஒதுக்குப்புறத்தில் இல்லை. குழந்தைகள் மணல்வீடு கட்டும் கடற்கரைகளும் அதை ஒட்டியே. கடலோர நடைபாதையில் இளஞ்சிவப்பு முக்கோணத்தில் ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது, நாஜி முகாம்களில் நம் ஆட்களின் சட்டையில் தைத்த அதே முக்கோணம். போனால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஸ்பெயினில் தன்பாலினத் திருமணம் 2005-இலேயே சட்டமானது, இந்த ஊரில் அது சட்டப் புத்தகத்தோடு நிற்கவில்லை, மளிகைக் கடை வரிசையிலும் தெரிகிறது.

கூட்டம், பாட்டு, பார் எல்லாம் வேண்டுமென்றால் 'பாவத் தெரு' என்று செல்லப்பேர் வாங்கிய ப்ரிமேர் தெ மாய்க் தெரு. எங்களுக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. அதைவிட காவ் ஃபெராட் அருங்காட்சியகம் பிடித்தது. ஓவியர் சான்தியாகோ ருசின்யோலின் வீடு அது, பழைய இரும்பு வேலைப்பாடுகள் சுவர் முழுக்க. எல் கிரேகோவின் இரண்டு ஓவியங்களை அவர் வாங்கி 1894-இல் இந்தத் தெருக்கள் வழியாக ஊர்வலமாகத் தூக்கிவந்தாராம். சாமி ஊர்வலம் போல ஓவியத்துக்கு ஊர்வலம் விட்ட ஊர்!

சாப்பாட்டில் மட்டும் கவனம். கடலைப் பார்த்த ஒரு உணவகத்தில் ஆறிப்போன சோறும் இறாலும் கொடுத்து, கேட்காமல் வைத்த ரொட்டிக்கும் காசு வாங்கினார்கள். இரண்டு தெரு உள்ளே போனால் விலையும் குறைவு, கைப்பக்குவமும் நன்றாக இருக்கிறது. 'ஷாத்தோ' என்ற சாலட் கிடைத்தால் விடாதீர்கள்: கசப்புக் கீரை, உப்பிட்ட காட் மீன், நெத்தலி, மேலே பாதாமும் காய்ந்த மிளகாயும் பூண்டும் அரைத்த கெட்டிச் சாறு. உண்மையில் அது குளிர்கால உணவு, அதற்காகவே பிப்ரவரி கார்னிவலுக்கு இன்னொரு முறை போகலாமென்று இருக்கிறோம். பேய்ப்படம், மாயப்படம் பிடிக்கிறவர்களுக்கு அக்டோபர், 1968-இலிருந்து நடக்கும் திரைப்பட விழா அப்போதுதான்.

அறை வாடகை திருவிழா நேரத்தில் கடுமை. நாங்கள் மார்ச்சிலேயே பதிவு செய்தும் ரயில் நிலையத்துக்குப் பின்னால்தான் கிடைத்தது. ஆனால் தேவாலயப் படிக்கட்டுக்கு அங்கிருந்து பத்து நிமிட நடைதான், கை கோத்துக்கொண்டே போய்வந்தோம்.