நெல்லையிலிருந்து சென்னைக்கு: எந்த வண்டியில் என்ன சாப்பாடு?

சென்னைக்குப் போக எது வசதி என்று திருநெல்வேலியில் யாரைக் கேட்டாலும் நேரத்தையும் கட்டணத்தையும்தான் சொல்வார்கள். ஆனால் சர்க்கரைக்கு மாத்திரை போடும் சித்தப்பாவையோ, கைக்குழந்தையோடு போகும் தங்கையையோ தனியாக ஏற்றிவிடும்போது வயிற்றில் புளியைக் கரைப்பது வேறு விஷயம். நேரத்துக்கு வாயில் ஏதாவது விழுமா?

அந்தக் கவலையோடுதான் மூன்று வழிகளை இங்கே எடைபோடுகிறேன். இரவில் ஓடும் நெல்லை எக்ஸ்பிரஸ், காலையில் கிளம்பும் வந்தே பாரத், வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து பறக்கும் விமானம். ருசியையும் பார்க்கிறேன். அதைவிட முக்கியமாக, வீட்டிலிருந்து எதையும் கட்டிக்கொண்டு வர முடியாத ஒருவர் பசியில்லாமல் போய்ச் சேர்கிறாரா என்று பார்க்கிறேன்.

விமானத்தைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். தூத்துக்குடிச் சாலையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் போனால் வாகைக்குளம். 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தபிறகு உட்கார இடத்துக்குக் குறையில்லை. சென்னைக்கு இங்கிருந்து பறப்பது பெரும்பாலும் ஏடிஆர் 72 என்னும் சின்ன விமானம். 78 இருக்கைகள், பணிக்கு இரண்டு பேர். பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் பணியாளர்களும் பெல்ட் போட்டு உட்கார்ந்தாக வேண்டும். மிச்சமுள்ள நேரத்தில் அந்த இரண்டு பேர் ஒற்றைத் தள்ளுவண்டியோடு 78 பேரையும் பார்த்து, காசு வாங்கி, குப்பையையும் திரும்பச் சேகரிக்கிறார்கள். அவர்கள் சுறுசுறுப்பைக் குறை சொல்லவே முடியாது. கேட்டால் தண்ணீர் இலவசமாகக் கிடைக்கும், மற்றதெல்லாம் விலைக்கு.

கிடைப்பவை முந்திரி, பிஸ்கட், சாண்ட்விச், வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் உப்புமா. அந்த உப்புமாக் கோப்பையின் மூடியைப் பாதி உரித்து, கோடு வரை வெந்நீர் விட்டு, திரும்ப மூடிவைத்துக் காத்திருக்க வேண்டும். திறந்தால் கறிவேப்பிலை வாசம் வரும், ரவையும் வெந்திருக்கும். ஆனால் உப்பு பற்றாததுபோல நாக்குக்குத் தோன்றும். அது சமைத்தவர் குற்றமில்லை. விமானத்துக்குள் காற்று வறண்டு அழுத்தமும் குறைந்திருப்பதால் மூக்கு மந்தமாகி, உப்பும் இனிப்பும் மட்டுப்பட்டுத் தெரியும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையம் லுஃப்தான்சா நிறுவனத்துக்காகச் சோதித்து இதை உறுதிசெய்திருக்கிறது. எனவே வாகைக்குளத்துக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். திரும்பும்போது சென்னை விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்தில் 2025 பிப்ரவரியில் திறந்த உடான் யாத்ரி கஃபே இருக்கிறது. தேநீர் 10 ரூபாய், காபி 20, சமோசா 20 என்று தொடங்கினார்கள். பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் முன்பே அங்கே எட்டிப் பார்த்துவிட வேண்டும்.

மதுரைக்குப் போய்ப் பெரிய விமானம் ஏறுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான்குவழிச் சாலையே சாப்பாட்டு வழி. விருதுநகரில் இறங்கி எண்ணெயில் பொரித்த புரோட்டாவைச் சால்னாவோடு முடித்துவிட்டுப் போனால் விமானத்துச் சாப்பாட்டைப் பற்றி நினைக்கவே தேவையில்லை.

இனி வந்தே பாரத். 2023 செப்டம்பர் 24 அன்று எட்டுப் பெட்டிகளோடு தொடங்கிய வண்டி. கூட்டம் தாங்காமல் பெட்டிகளைப் பதினாறாக்கி, பிறகு இருபதாக்கினார்கள். விடிகாலை ஆறு மணி வாக்கில் சந்திப்பை விட்டுக் கிளம்பி, மதியம் இரண்டு மணிக்குள் எழும்பூர் சேர்ந்துவிடும். அதற்குள் தேநீர், காலை உணவு, மதிய உணவு என்று மூன்றும் இருக்கையைத் தேடி வந்துவிடும். இதன் அருமை ஐந்து மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் வயதானவர்களுக்குத்தான் புரியும். அந்த நேரத்தில் அவர்களால் அடுப்பைப் பற்றவைக்க முடியாது. மாத்திரையோ காலை உணவுக்குப் பிறகுதான் போட வேண்டும்.

இந்த வண்டியின் நடுப்பெட்டிகள் ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 78 இருக்கைகள். ஏடிஆர் விமானம் முழுவதிலும் உள்ள அதே கணக்கு. ஆக, ஒரு விமானத்துக் கூட்டத்துக்குச் சாப்பாடு போடும் வேலை இங்கே பெட்டிக்குப் பெட்டி நடக்கிறது. அதுவும் ஒருவேளைக்கு அல்ல. ஓடும் வண்டியில் நடைபாதையில் தள்ளுவண்டியை நிறுத்தி, பட்டியலைப் பார்த்து, சைவமா அசைவமா என்று சரிபார்த்து, தட்டை நீட்டும் அந்த இளைஞர்களைக் கவனித்துப் பாருங்கள். முதுகு வளைந்தே இருக்கும். தள்ளுவண்டி ஒரு முனையிலிருந்து தொடங்குவதால் மறுமுனையில் இருப்பவருக்கு இட்லி வரும்போது முதல் வரிசைக்காரர் கை கழுவி முடித்திருப்பார். பசி தாங்காத குழந்தையோடு போகிறவர்கள் ஒரு பழமாவது கையில் வைத்திருப்பது நல்லது.

காலை உணவு எனக்குப் பிடித்திருக்கிறது. இட்லி, வடை, பொங்கல் அல்லது உப்புமா, மூடி ஒட்டிய கோப்பையில் சாம்பார். உணவைச் சூடாக வைக்கும் பெட்டிக்குள் இருந்த வெப்பத்தில் இட்லியின் ஓரம் சற்று அமுங்கியிருக்கும். சாம்பார் ஊறியதும் அது தெரியாது. மதிய உணவில்தான் மனம் ஒட்டவில்லை. சோறு, பரோட்டா, பருப்பு, குருமா அல்லது கோழி, தயிர், ஊறுகாய். பசி அடங்கும், வயிற்றைக் கெடுக்காது. ஆனால் அந்தத் தட்டைப் பார்த்து, வண்டி திருநெல்வேலியில் கிளம்பியதா வேறெங்காவது கிளம்பியதா என்று யாராலும் சொல்ல முடியாது. தாமிரபரணிக்கரைச் சமையல் தெரிந்த ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்திருந்தால் பருப்பு இருக்கும் இடத்தில் தேங்காய்ப்பாலில் செய்யும் எங்கள் ஊர்ச் சொதி இருந்திருக்கும்.

சுத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பரில் இதே வண்டியில் காலை உணவுச் சாம்பாரில் பூச்சிகள் கிடந்த செய்தி நாளிதழ்களில் வந்தது. ஒப்பந்ததாரருக்கு 50,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். அபராதம் போட்டது சரி. பயணிகள் படம் எடுத்து உடனே புகார் சொன்னதால்தான் அது நடந்தது. எதைப் பார்த்தாலும் சகித்துக்கொண்டு மூடி வைத்துவிடாதீர்கள். 139 என்ற எண்ணிலோ ரயில்மதத் செயலியிலோ வண்டி ஓடும்போதே சொல்லுங்கள். இறங்கி வீட்டுக்குப் போனபிறகு சொல்லும் புகாருக்குப் பாதி வலு போய்விடும்.

இன்னும் இரண்டு தகவல்கள். டிக்கெட் எடுக்கும்போதே உணவு வேண்டாம் என்று குறித்தால் அந்தத் தொகை கட்டணத்திலிருந்து குறையும். ஆனால் அப்படிக் குறித்துவிட்டு வண்டியில் ஏறி மனம் மாறினால், மீதம் இருந்தால்தான் கிடைக்கும். 2024 முதல் ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பதில் அரை லிட்டர் ரயில் நீர் போத்தல்தான் தருகிறார்கள். தண்ணீர் வீணாவதைத் தடுக்கச் செய்த மாற்றம் அது. இரண்டாவது போத்தலைக் கேட்டால் காசில்லாமல் தர வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுத் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் அவர்களுக்காகக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

நெல்லை எக்ஸ்பிரஸில் சமையல் பெட்டி கிடையாது. சேவை என்று மதிப்பெண் போட்டால் பூஜ்யம்தான். ஆனால் இந்த மூன்று வழிகளிலும் நாக்குக்கு ருசியான சாப்பாடு எது என்று கேட்டால் யோசிக்காமல் இந்த வண்டியைத்தான் சொல்வேன். ஏனென்றால் இங்கே ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுச் சமையலைச் சாப்பிடுகிறார்கள்.

இரவு ரயிலுக்குச் சாப்பாடு கட்டுவது எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிவரும் கலை. என் மதினி கட்டும் முறையைச் சொல்கிறேன். இட்லி நன்றாக ஆறிய பிறகுதான் கையால் தொடுவார். ஆறாத இட்லியைக் கட்டினால் வேர்த்துப் பிசுபிசுத்துவிடும். மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் தளரக் குழைத்து இட்லியின் இரண்டு பக்கமும், ஓரத்திலும்கூடத் தடவுவார். எண்ணெய் மேலே படர்ந்தால் இட்லி காயாது. வாழையிலையை அடுப்புத் தணலில் ஒருமுறை காட்டி வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. அதற்கு ஒரு வாசமும் வந்துவிடும். தேங்காய்ச் சட்னியைப் பக்கத்தில் சேர்க்கவே மாட்டார், இரவுக்குள் புளித்துவிடும் என்பதால். எலுமிச்சைச் சோறோ புளியோதரையோ கட்டினால் துணைக்கு எள்ளுத் துவையல். வண்டி கோவில்பட்டி தாண்டும்போது பொட்டலத்தைப் பிரித்தால் பெட்டி முழுவதும் நல்லெண்ணெயும் இலையும் மணக்கும்.

நடுப் படுக்கையை இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரைதான் விரிக்கலாம் என்பது விதி. அதனால் பத்து மணிவரை எல்லோரும் கீழே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. அறிமுகமே இல்லாத குடும்பம் இரண்டு இட்லியை நீட்டும். வாங்கிக்கொண்டவர் தன் பையைத் திறந்து அல்வாவைப் பிட்டுக் கொடுப்பார். வந்தே பாரத்தில் எல்லோருக்கும் ஒரே தட்டு. அதனால் யாரும் யாருக்கும் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் என் அளவுகோலை வைத்தால் நெல்லை எக்ஸ்பிரஸ் இங்கேதான் சறுக்குகிறது. கட்டிக்கொடுக்க ஆள் இல்லாதவர் என்ன செய்வார்? விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி, தனியாக வாழும் ஆச்சி, அலுவலகத்திலிருந்து நேராக ரயிலுக்கு ஓடிவருபவர் எல்லோரும் நடைமேடைக் கடையையும் ஏறி இறங்கும் விற்பனையாளர்களையும் நம்ப வேண்டியிருக்கிறது. ஓர் இரவு ரயிலில் தண்ணீர் போத்தலுக்கு அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாக ஒருவர் கேட்டார். விலையைக் காட்டியதும் முணுமுணுத்துக்கொண்டே சரியான பணத்தை வாங்கிக்கொண்டார். அதே பெட்டியில் மற்றவர்கள் ஏற்கெனவே கூடக் கொடுத்திருந்தார்கள். ரயில் நீர் ஒரு லிட்டர் 15 ரூபாயாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய். அரை லிட்டர் 9. 2019 இறுதியில் ரயில்வே அறிவித்த பட்டியலில் ரயிலுக்குள் சைவக் காலை உணவு 40 ரூபாய், சைவச் சாப்பாடு 80, முட்டைக் குழம்புச் சாப்பாடு 90, கோழிக் குழம்புச் சாப்பாடு 130. பில் தராவிட்டால் பணம் தர வேண்டாம் என்றும் ரயில்வேயே அறிவித்திருக்கிறது. நேரில் பில் கேட்டுப் பாருங்கள், பேசும் தொனியே மாறிவிடும்.

கட்டிக்கொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கு ஐஆர்சிடிசியின் இ-கேட்டரிங் ஓரளவு கைகொடுக்கும். டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்தால் வழியில் வரும் பெரிய நிலையத்தில் ஓட்டல் சாப்பாடு இருக்கைக்கே வந்துவிடும். 1323 என்ற எண்ணிலும் சொல்லலாம். நெல்லை எக்ஸ்பிரஸுக்கு மதுரையைக் குறிக்கலாம். திண்டுக்கல் வரை தள்ளிப்போட்டால் தூக்கம் கெடும். பெரியவர்களுக்காகப் பிள்ளைகளே ஊரிலிருந்து பதிவுசெய்து கொடுத்துவிடலாம்.

பகல் நேர எக்ஸ்பிரஸ் ரயில்களுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஜன்னல் திறக்கும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய், மணப்பாறையில் முறுக்கு என்று ஊர்ப்பெயர் சொல்லி விற்பவை கைக்கு வரும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லும் மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. வந்தே பாரத் மணப்பாறையில் நிற்காமல் ஓடுகிறது. அடைத்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முறுக்குக் கூடை நகர்ந்துபோகும். வேகத்துக்காக நாம் கொடுக்கும் விலைகளில் இதுவும் ஒன்று. எனக்கு அது சின்ன விலையாகத் தெரியவில்லை.

தனியாகப் போகும் முதியவருக்கும் குழந்தையோடு போகும் தாய்க்கும் வந்தே பாரத்தையே எடுங்கள், உணவோடு சேர்த்தே எடுங்கள். ருசி சற்று முன்பின் இருந்தாலும் நேரம் தவறாமல் கைக்கு வருகிறது. குடும்பமாகப் போகிறவர்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸும் வீட்டுப் பொட்டலமும். அவசர வேலைக்கு விமானம், வீட்டில் சாப்பிட்டுவிட்டு. திரும்பும் பயணத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். சென்னையில் அறை எடுத்துத் தங்கியவருக்கு இட்லி கட்டித்தர யாரும் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன் எழும்பூரில் கிளம்பும் வந்தே பாரத்தில் மாலைச் சிற்றுண்டியும் இரவு உணவும் கிடைக்கும். பதினொரு மணிக்குள் ஊர் வந்து, வீட்டாரை எழுப்பித் தோசை சுடச் சொல்லாமல் நேராகப் படுத்துவிடலாம்.

ரயில்வேயிடம் கேட்க ஒன்று இருக்கிறது. தேநீரோடு தரும் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வையுங்கள். மதியத் தட்டில் பரோட்டாவை எடுத்துவிட்டு எலுமிச்சைச் சோறோ புளியோதரையோ எள்ளுத் துவையலோடு கொடுங்கள். இவை சூடாக்க வேண்டாத, எளிதில் கெடாத உணவுகள். விலையும் கூடாது. இதே தடத்தில் இரவு ரயிலில் வீட்டுப் பொட்டலங்களாக இத்தனை காலம் ஓடி, பயணத்துக்குத் தாங்கும் என்று ஏற்கெனவே நிரூபித்தவை.