மெம்டெஸ்ட்86+: ராம் மாற்றியபின் ஹேங் ஆகும் கணினிக்கு எவ்வளவு உதவும்?

கூடுதல் ராம் போட்ட மறுநாளிலிருந்து கணினி நினைத்த நேரத்தில் ஹேங் ஆகிறது. மவுஸ் நகராது, கடைசியாகக் கேட்ட சத்தம் ‘ர்ர்ர்’ என்று இழுத்துக்கொண்டே இருக்கும், பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் அணையும். பிறகு விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ‘கர்னல்-பவர் 41’ என்றொரு பதிவு கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு நல்ல பவர் சப்ளையைக் கழற்றி மாற்றுபவர்கள் நிறைய. கணினி முறையாக அணையவில்லை என்பதைத்தான் அந்தப் பதிவு சொல்கிறது. பட்டனை அழுத்தி அணைத்தது நாம்தானே!

இந்தக் கட்டத்தில் முதலில் எடுக்கவேண்டிய கருவி மெம்டெஸ்ட்86+. இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸுக்கு வெளியே, பென்டிரைவிலிருந்து தானாகவே பூட் ஆகி ராமைச் சோதிக்கும். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கை நம்பி நேரத்தைக் கழிக்க வேண்டாம். அது ‘பிழை இல்லை’ என்று சொன்ன ராமில் இது பிழை காட்டுவது வழக்கம்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. 1994இல் கிறிஸ் பிராடி எழுதியது மெம்டெஸ்ட்86. அது 2013இல் பாஸ்மார்க் நிறுவனத்திடம் போய், இன்று இலவசப் பதிப்பு, கட்டணப் பதிப்பு என இரண்டாக வருகிறது. கடைசியில் ‘+’ உள்ளது தனியாகப் பிரிந்த கிளை. பல ஆண்டுகள் 5.01இலேயே தூங்கிக் கிடந்த அது, 2022 அக்டோபரில் 6.00 பதிப்பாகப் புதிதாக எழுதப்பட்டு பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ உள்ள கணினிகளுக்கு வந்தது. பழைய சிடியில் இருக்கும் 5.01ஐப் புதிய தலைமுறை ராமான டிடிஆர்5 உள்ள கணினியில் போட்டு மல்லுக்கட்டாதீர்கள்.

தளத்தில் உள்ள யுஎஸ்பி இன்ஸ்டாலரை ஓட்டினால் ஒரு நிமிடத்தில் பென்டிரைவ் தயார். அதிலிருந்த கோப்புகள் அழிந்துவிடும். கிளம்ப மறுத்தால், அங்கீகாரக் கையொப்பம் இல்லாத மென்பொருளைக் கிளம்பவிடாத செக்யூர் பூட்டைப் பயாஸில் அணைக்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்ட கணினி என்றால் அதற்கு முன்பே ரெக்கவரி கீயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ராம் பிரச்சினையைத் தேடப் போய் விண்டோஸே திறக்காத பிரச்சினையில் மாட்டுவீர்கள்.

உள்ளே 0 முதல் 10 வரை பதினோரு சோதனைகள். எதையும் தொட வேண்டியதில்லை, தானாக ஓடும். முதல் சுற்று முடிந்ததும் பெரிதாக ‘பாஸ்’ என்று வருமே, அதைக் கண்டு எழுந்துவிடக் கூடாது. முதல் சுற்று வேண்டுமென்றே சுருக்கமாக ஓடுவது. குறைந்தது நான்கு சுற்று, முடிந்தால் இரவு முழுக்க ஓடட்டும். 32 ஜிபி இருந்தால் ஒரு சுற்றுக்கே சில மணி நேரம் ஆகலாம். முடிவை எங்கும் சேமித்து வைக்காது என்பது இதன் பெரிய குறை. பிழை வந்தால் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாரன்டிக்குக் கடையில் காட்ட உதவும்.

சிவப்பு வரி ஒன்றே ஒன்று வந்தாலும் அது பிழைதான். ‘பத்து மணி நேரத்தில் ஒன்றுதானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஆனால் அந்த வரி ராம் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. ராம், மதர்போர்டு, சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் மூன்றும் சேர்ந்து, இந்த வேகத்தில், இந்த வோல்டேஜில் தடுமாறுகின்றன என்றுதான் சொல்கிறது. அதனால் முதல் வேலை, ராமைப் பெட்டியில் போட்ட அதிக வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவைப் பயாஸில் அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுவது. பிழை மறைந்தால் ராமைத் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

ராம் பெட்டியில் வேகம் 6000 என்று போட்டிருப்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஜோடிக்கு மட்டும். அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கி நான்காகச் செருகினால் அந்த உத்தரவாதம் போய்விடும். ரைசன் 7000 வரிசை சிபியுவுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ராமுக்கு 5200, நான்குக்கு 3600. இவ்வளவு பெரிய இறக்கத்தைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள், 200, 400 என வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நான்கை விற்றுவிட்டு, அதே மொத்தக் கொள்ளளவில் ஒரே ஜோடி வாங்குவதுதான் நிம்மதி.

எக்ஸ்எம்பி அணைத்தும் பிழை வந்தால் ஒரே ஒரு ராமை மட்டும் வைத்து ஓட்டுங்கள். பெரும்பாலான நான்கு ஸ்லாட் போர்டுகளில் அதற்குரிய இடம் சிபியுவிலிருந்து இரண்டாவது, அதாவது ஏ2. பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்த ராம். பிழை ராமோடு நகர்ந்தால் குற்றவாளி ராம். எந்த ராமைப் போட்டாலும் அதே ஸ்லாட்டில் பிழை வந்தால் ஸ்லாட்டைச் சுத்தம் செய்து, சிபியு சாக்கெட்டின் பின்களையும் பாருங்கள். கூலரை ஒருபக்கமாக இறுக்கினாலும் இப்படி ஆவதுண்டு. ரைசன் 7000க்கான ஏஎம்5 சாக்கெட் போர்டில் ராமை மாற்றியதும் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். அது மெமரி டிரெய்னிங், அதாவது போர்டு புது ராமுக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம். நடுவில் அணைக்காதீர்கள்.

இன்னொன்று: ஏழாவது சோதனையான பிளாக் மூவில் வரும் பிழையின் முகவரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தவறான தகவல் கண்டுபிடிக்கப்பட்ட இடத்தை அது காட்டும், தவறு நடந்த இடத்தை அல்ல.

பாஸ் ஆகியும் ஹேங் ஆகிறதா? இதன் எல்லை அங்கேதான் தெரிகிறது. மெம்டெஸ்ட்86+ ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும். கேம் ஆடும்போது அந்தக் கார்டின் அனல் நேரே ராமின் மேல் அடிக்கும். சூடு ஏறியபின்தான் தடுமாறும் டிடிஆர்5 ராம் இரவெல்லாம் இதில் தேறிவிடும். விண்டோஸுக்குள்ளேயே ஓடும் ராம் சோதனையான டெஸ்ட்மெம்5ஐயும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு சுமையையும் சேர்த்து ஓட்டினால் அது வெளிவரும். ஈவென்ட் வியூவரில் வன்பொருள் பிழைகளைக் குறித்துவைக்கும் ‘வீயா-லாகர்’ பதிவுகளையும் தேடுங்கள். எண் 18 அல்லது 19 இருந்தால் சந்தேகத்தைச் சிபியு பக்கம் திருப்பலாம். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 என்றால் பயாஸில் 2024 செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி மைக்ரோகோடு (சிபியுவுக்கான திருத்தம்) அல்லது அதற்குப் பிந்தையது இருக்கிறதா என்று பார்க்கவும். ஏற்கனவே பழுதான சிப்பை அது சரிசெய்யாது. அதற்காகவே இன்டெல் அந்தச் சிப்புகளுக்கு வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது.

நாமே அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்புக்கு மெம்டெஸ்ட்86+தான் என் தேர்வு. செக்யூர் பூட்டைத் தொடவே கூடாத அலுவலக லேப்டாப்புக்கு மட்டும் பாஸ்மார்க்கின் இலவசப் பதிப்பை எடுங்கள்: மைக்ரோசாஃப்ட் கையொப்பம் உள்ளதால் அப்படியே கிளம்பும், நான்கு சுற்றோடு நின்றுவிடும்.