கிரேக்க முன்னொட்டுகளைப் படிக்க ஆங்கி செயலி: எங்கே கைகொடுக்கும், எங்கே கவிழ்க்கும்

எபி, ஹைப்போ, பெரி, பாரா, எண்டோ என உடற்கூற்றியலில் திரும்பத் திரும்ப வரும் கிரேக்க முன்னொட்டுகளை மனத்தில் நிறுத்த, கேள்வி-விடை அட்டைகளை இடைவெளிவிட்டுத் திரும்பக் காட்டும் ஆங்கி மிக நல்ல கருவி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. ஆனால் அட்டைகளை நீங்களே எழுத வேண்டும். பொதுவில் கிடைக்கும் தொகுப்புகளில் பல ‘எபி – மேல்’ என்று ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன.

அந்த ஒற்றை வரியை இரு திசையிலும் கேட்கும் இருபக்க அட்டையாக மாற்றினால் சிக்கல் தொடங்குகிறது. ‘மேல்’ என்று கேட்டால் எபியா, ஹைப்பரா, லத்தீன் சுப்ராவா? மூன்றும் பொருந்தும். சரியான விடை தெரிந்தவரும் தவறுவார். எட்டு முறை தவறினால் ஆங்கி அந்த அட்டைக்கு ‘லீச்’ (நேரத்தை உறிஞ்சும் அட்டை) என்று குறியிடும், அமைப்பைப் பொறுத்து நிறுத்தியும் வைக்கும். அப்போது மீண்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை, கேள்வியைத் திருத்துங்கள்.

முன்னொட்டைத் தனியே போடாமல் சொற்குடும்பமாகப் போடுவதே சரி. ‘ஃபைசிஸ்’ அருமையான குடும்பம். வளர்ச்சி என்று பொருள். எலும்பின் முனையில் அமர்ந்தது எபிஃபைசிஸ், இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தண்டு டயாஃபைசிஸ், தண்டும் முனையும் சேரும் பகுதி மெட்டாஃபைசிஸ். இரண்டு எலும்புகள் சேர்ந்து வளர்ந்தது சிம்ஃபைசிஸ், மூளைக்கு அடியில் வளர்ந்தது ஹைப்போஃபைசிஸ், அதாவது பிட்யூட்டரி. ஐந்தையும் ஒரே குறிப்பில் ‘குளோஸ்’ வகையில், அதாவது கோடிட்ட இடத்தை நிரப்பும் அட்டைகளாக எழுதுங்கள். ஒன்றின் விடை அடுத்ததைக் காட்டிக்கொடுக்காதபடி, ஒரே குறிப்பிலிருந்து பிறந்த உடன்பிறப்பு அட்டைகளை மறுநாளுக்குத் தள்ளும் அமைப்பை இயக்குங்கள். தொடையெலும்புப் படத்தில் பெயர்களை மறைத்துக் கேட்கும் வசதி ஆங்கியின் 23.10 பதிப்பு முதல் உள்ளேயே இருக்கிறது.

உருமாற்றங்களை அட்டையின் பின்பக்கத்தில் எழுதியாக வேண்டும். ‘சின்’ என்பது ப, ஃப ஒலிகளுக்கு முன் ‘சிம்’ ஆகும். ‘பாரா’வின் கடைசி உயிர் உதிர்ந்து, காதைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்ததுதான் பரோட்டிட், காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி. அசைகஸ் சிரையில் முதல் எழுத்தே முன்னொட்டு: ‘அ’ இல்லாமை, ‘சைகோன்’ நுகத்தடி. எதிர்ப்பக்கம் ஒத்த இணை இல்லாத சிரை.

ஆயத்தத் தொகுப்புகளின் பெரிய குறை, முன்னொட்டு போலத் தோன்றும் போலிகளை விட்டுவிடுவது. பரைட்டலில் ‘பாரா’ இல்லை, அது சுவரைக் குறிக்கும் லத்தீன் சொல். கீழ்க்காலின் வெளிப்புற எலும்பான ஃபிபுலாவைச் சார்ந்த பெரோனியலில் ‘பெரி’ இல்லை. கிரேக்கத்தில் ‘பெரோனே’ ஆடை ஊக்கின் ஊசி. மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட பகுதியைக் குறிக்கும் பெரினியலோடு குழம்பக்கூடிய சொல் இது. 1998இல் வெளியான சர்வதேச உடற்கூற்றியல் பெயர்ப்பட்டியலான டெர்மினாலஜியா அனடாமிகா, பெரோனியலுக்குப் பதில் ஃபிபுலாரிஸ் என்பதையே முன்னிறுத்துகிறது. ஆன்டிஹீலிக்ஸில் (காது மடலின் உள்மேடு) இருப்பது ‘எதிர்’ எனும் கிரேக்க ஆன்டி, ஆன்டிபிரேக்கியத்தில் (முன்கை) இருப்பது ‘முன்’ எனும் லத்தீன் ஆன்டே. இவற்றுக்குத் தனி அட்டை அவசியம்.

உறுப்பின் செயல்படும் திசுவைக் குறிக்கும் பாரன்கைமாவையும் விடாதீர்கள். பாரா, என் என இரண்டு முன்னொட்டுகள் அடுக்கிவரும் சொல் அது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் எராசிஸ்டிராட்டஸ், நாளங்களிலிருந்து கசிந்த இரத்தம் உறைந்தே உறுப்பின் சதை உருவாகிறது என்று கருதி, ‘பக்கத்தில் ஊற்றப்பட்டது’ என்ற பொருளில் அப்படிப் பெயரிட்டார். கருத்து தவறு, ஆனால் இந்த ஒரு வரியைப் பின்பக்கத்தில் எழுதினால் சொல் மறக்காது.

நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்ற இயல்பு அமைப்பு இதற்கு அதிகம், பத்தாகக் குறையுங்கள். ஹைப்போ குடும்பம் பிடிபட்ட பிறகே ஹைப்பரைச் சேருங்கள்.