களிக்கல்லுக்கு இந்த ஊசி மீட்டர் சரிவருமா? ஆறு மாசம் பாவிச்சிட்டுச் சொல்லுறன்

மண்ணும் கல்லும் சூட்டை எவ்வளவு கடத்தும் எண்டு அளக்கிற மீட்டர் இது. முதல்லயே சொல்லிர்றன், மண்ணுக்கு எண்டா யோசிக்காம வாங்கலாம். ஷேல், மட்ஸ்டோன் மாதிரி களி கூடின கல்லுக்கும் வாங்கலாம், ஆனா மெசின் காட்டுற நம்பரை அப்பிடியே ரிப்போட்டில எழுதிக் குடுத்திடாதேங்கோ.

சாமான் என்னெண்டா கையடக்க மீட்டர் ஒண்டு, அதில விரல் நீளமான தடிச்ச ஊசி. கல்லில ஓட்டை போட்டு ஊசியைச் செருகி பட்டனை அமத்தினா ஊசி உள்ளுக்க சூடாகும், அந்தச் சூட்டை கல்லு கெதியா இழுத்தா ஊசிட வெப்பம் கொஞ்சமாத்தான் ஏறும், இழுக்காட்டி கூட ஏறும், அந்த ஏத்தத்தை வச்சு வெப்பம் கடத்துற அளவை மெசினே கணக்குப் போட்டுச் சொல்லும். பத்து நிமிசத்தில முடிஞ்சிரும். ஏஎஸ்டிஎம் எண்டுற தர அமைப்பின்ட டி5334 எண்டுற முறையும் இதுதான்.

திருகோணமலையில ஏது ஷேல், இங்க முழுக்க உருமாறின பழைய பாறைதானே எண்டு கேப்பீங்க. ஓம். நான் அளந்தது புத்தளம் பக்கம் ஆண்டிகமவில இருந்து பஸ்ஸில கட்டிக் கொண்டு வந்த ஜுராசிக் காலத்து மட்ஸ்டோன். 2011ல மன்னார்க் கடல்ல காஸ் கண்டுபிடிச்சாங்களே, அப்பிடி ஒரு இடத்தில ஆழத்தில எவ்வளவு சூடு எண்டு கணக்குப் போட மேல போர்வை மாதிரிக் கிடக்கிற களிப் படையள் எவ்வளவு கடத்தும் எண்டு தெரியோணும், அந்த ஆசையிலதான் வாங்கினது.

வந்த உடன சரி பாத்தன். பாமசியில வாங்கின கிளிசரின்ல செருகினா 0.28, 0.29 வரோணும், வந்துது (நம்பரெல்லாம் ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு எத்தினை வாட் எண்ட அலகில). தண்ணி 0.6, ஆனா வெறுந்தண்ணியில வைக்கேலாது, சூடான தண்ணி மேல எழும்பி ஓடி நம்பரைக் கெடுத்திரும். அதுக்கு நோன்பு காலத்தில கிண்ணியாப் பக்கம் காச்சுற கடற்பாசிதான் மருந்து, சீனி பால் போடாம ஐதாக் காச்சி உறைய விட்டா தண்ணி அசையாது. மிச்சத்துக்குச் சீனி போட்டுத் தாங்கோ எண்டு மருமகன் ஒரே அடம்.

இனித்தான் பிரச்சினை. களிக்கல்லில தட்டுத் தட்டான கனிமங்கள் எல்லாம் படுத்துக் கிடக்கும், அதால படைவழியே சூடு லேசா ஓடும், படையைக் குறுக்க வெட்டி ஓடக் கஸ்டப்படும். எங்கட ஊர்க் குவாட்சைட்டுக்கு, அதுதான் உருமாறின மணற்கல்லுக்கு, இந்தத் தொல்லை பெரிசா இல்லை, அது 4க்கு மேல போய் மெசின்ட எல்லையையே தாண்டுது (கோணேசர் கோயிலடிக் கல்லை உடைக்கேல்ல, அம்மா வீட்டுக்க விடமாட்டா, இது றோட்டுக்குப் பறிச்ச கல்லு). ஷேலுக்கு ஒரு நம்பர் காணாது, ரெண்டு வேணும். ஊசி தன்னைச் சுத்தித்தான் சூட்டை விடும், அப்ப படைக்குச் செங்குத்தாக் குத்தினா வாறது படைவழி நம்பர். படைவழியே படுக்கக் குத்தினா வாறது குறுக்கு நம்பர் எண்டு நான் ரெண்டு மாசம் நம்பிக்கொண்டிருந்தன், இல்லை, அது ரெண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த கலவை. கணக்குக்கு முதலாவது 1.9, ரெண்டாவது 1.6 எண்டு வச்சா, 1.6ஐ 1.6ஆல பெருக்கி 1.9ஆல பிரிக்கோணும், உண்மையான குறுக்கு நம்பர் 1.35 கிட்ட. நிலத்துச் சூடு மேல வாறது குறுக்காத்தான், படை கிடையாக் கிடந்தா எங்களுக்கு வேண்டியது அதுதான், கூட வந்த புத்தகத்தில இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இதுக்கு ஒரு ஸ்டாரை வெட்டிட்டன்.

அடுத்தது ஈரம். கச்சான் காத்து அடிக்கிற நாளில மேசையில வச்ச கல்லு பின்னேரத்துக்குள்ள காஞ்சு நம்பர் இறங்கிட்டுது, ஏனெண்டா நுண்துளையில தண்ணி போய்க் காத்து வந்தா 0.6 இருந்த இடத்தில 0.025தான். சரி திருப்பி நனைப்பம் எண்டு வாளிக்குள்ள போட்டன், விடிய எழும்பிப் பாத்தா கல்லைக் காணேல்ல, அடியில சேறு. எடுத்த இடத்திலயே பொலித்தீனால இறுக்கிச் சுத்திக் கொண்டு வாங்கோ. அளக்கேக்க ஃபானை நிப்பாட்டி, கல்லை மீன் ஏத்துற ரெஜிபோம் பெட்டிக்குள்ள வச்சு மூடினா நம்பர் ஆடாது.

ஓட்டை போடுறதும் லேசில்லை, ஹேமர் மோடில வச்சா படை படையாப் பிளக்கும், மெதுவா சுத்த விடோணும். ஓட்டை கொஞ்சம் பெருத்தா இடைவெளிக் காத்தால நம்பர் குறையும், கொம்பியூட்டர்க் கடையில விக்கிற, சூடு கடத்துற வெள்ளைப் பசையைப் பூசிச் செருகுங்கோ.

கல்லை வட்டமா வெட்டி கடத்துற அளவு தெரிஞ்ச ரெண்டு தட்டுக்கு நடுவில நெரிச்சு அளக்கிற டிவைடட் பார் இதைவிட நல்லம் எண்டு சொல்லுவினம், சரிதான், ஆனா என்ட கல்லு வெட்டேக்கயே உதிர்ந்து போட்டுது, அதால ஊசிதான் கதி. மூண்டரை ஸ்டார். ஊசி இப்ப லேசா வளைஞ்சிட்டுது, தனி ஊசி எடுத்துத் தாங்கோ எண்டு ஏஜென்ட்டுக்கு மெசேஜ் போட்டு மூண்டு கிழமை, நீலச் சரி விழுந்திருக்கு, பதில் இன்னும் வரேல்ல.