ஏணைக்கு மாட்டும் மோட்டார்: வாங்கலாமா?

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஏணை (சேலைத் தொட்டில்) ஆட்டும் மோட்டார் தேவையா என்று கேட்கிறவர்களுக்கு, தேவை என்றுதான் சொல்வேன். ஆனால் அழுகிற பிள்ளையை அடக்குவதற்காக வாங்காதீர்கள். வயிறு நிறைந்து, ஏப்பம் விட்டு, கண் சொருகிய பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று வாங்குங்கள். அந்த ஒரு வேலையை இது அருமையாகச் செய்கிறது. நான் கொடுத்த விலை 3,200 ரூபாய். ஸ்பிரிங்கும் தொட்டில் கட்டையும் அதிலேயே அடக்கம்.

நான் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் சாஃப்ட்வேர் டெவலப்பர். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழக அரசு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பை 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தியதால் அவளுக்கு ஒரு வருடம் நிம்மதி. தனியார் கம்பெனியில் இருக்கும் அப்பாக்களுக்கு விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, நிர்வாகம் மனது வைத்தால் உண்டு. எனக்குக் கிடைத்தது தொப்புள்கொடி காய்ந்து விழுவதற்குள் தீர்ந்துவிட்டது. காவேரிப்பட்டணத்தில் மாமியார் வீட்டு முன்னறையில் மேசையைப் போட்டு, லேப்டாப்பையும் ரூட்டரையும் அங்கேயே கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். பிள்ளை அடுத்த அறையில்.

பிறந்து 6 வாரம் ஆகும்போது குழந்தைகளின் அழுகை உச்சத்துக்குப் போகும், அதுவும் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. எங்கள் அமெரிக்க டீமுடன் தினசரி கால் இரவு 7 மணிக்கு. அதே நேரத்தில் இவன் ஆரம்பிப்பான். மனைவிக்கு ஆபரேஷன் தையல் போட்ட இடத்தில் இன்னும் வலி, அத்தைக்கு முட்டி வலி. இரண்டு பேரும் மாற்றி மாற்றி எழுந்து ஏணைக் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பதைக் கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டே நான் கோடு ரிவ்யூ பேசிக்கொண்டிருப்பேன். அது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் குழந்தைச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். பெட்டியைப் பிரித்து, விட்டத்துக் கொக்கியில் மாட்டி, அஞ்சு கிலோ அரிசிப் பையைத் தொட்டிலில் போட்டு ஓட்டிக் காட்டினார். ஆன்லைனிலும் இதே மாதிரி பெட்டிகள் கிடைக்கின்றன, விலையும் கொஞ்சம் குறைவு. இருந்தாலும் கடையில் நின்று ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டு வாங்குவதுதான் சரி. இரண்டு மாடல் பார்த்தேன். ஒன்றில் பல்சக்கரம் கரகரவென்று கேட்டது. கடைச் சந்தடியிலேயே கேட்கிற சத்தம் ராத்திரி வீட்டில் எப்படிக் கேட்கும்? நான் வாங்கியதில் ஃபேன் ஓடும்போது மோட்டார் ஓடுவதே தெரியாது.

இது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் குறை சொல்வதற்குக் காரணமே இதைச் சொல்லித் தராததுதான். மோட்டார் மேலே தொங்குகிறது, அதன் கீழே ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் தொட்டில் கட்டை, கட்டையில் சேலை. மோட்டார் முழு எடையையும் தூக்கித் தூக்கிப் போடுவதில்லை. ஸ்பிரிங் தானாக ஏறி இறங்கும் தாளத்தோடு சேர்ந்து சின்னதாக ஒரு இழு இழுத்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்தத் தாளம் பிள்ளையின் எடையைப் பொறுத்தது. எடை கூடக்கூட ஸ்பிரிங் மெதுவாக ஆடும். மூன்று கிலோவில் சரியாக இருந்த வேகத்தை ஐந்து கிலோவிலும் அப்படியே விட்டால் மோட்டார் ஒரு பக்கம் இழுக்கும், தொட்டில் ஒரு பக்கம் போகும், பிள்ளைக்கு வெட்டி வெட்டிக் குலுங்கும். ‘மாசம் ஆக ஆக மெசின் கெட்டுப்போச்சு’ என்று சொல்கிறார்களே, பாதிப் பேர் வீட்டில் நடப்பது இதுதான். மோட்டாரின் வேகத் திருகை வாரம் ஒருமுறை கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். தொட்டில் நாலு விரற்கடைக்கு மேல் ஏறி இறங்காமல் வழுக்கிக்கொண்டு போகிற இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள்.

ஸ்பிரிங்குக்குள் ஒரு நைலான் கயிறு ஓடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஸ்பிரிங் அறுந்தாலும் தொட்டில் கீழே விழாமல் அந்தக் கயிறு தாங்கும். கயிறு இல்லாத ஸ்பிரிங் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சேலை பழைய பருத்திச் சேலையாக இருக்கட்டும். பாலியஸ்டர் வழுக்கும், நம்ம ஊர் சித்திரை வெயிலில் முதுகெல்லாம் வேர்த்துவிடும். கட்டையில் மடிந்து உரசும் இடத்தில்தான் துணி முதலில் இற்றுப்போகும். நாங்கள் துவைக்கும்போதெல்லாம் அந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுகிறோம்.

இனி எனக்குப் பிடிக்காதது. குழந்தை அழுதால் தானாகவே ஆட ஆரம்பிக்கும் வசதி ஒன்றைப் பெரிதாக விளம்பரப்படுத்துகிறார்கள். இது எனக்கு அறவே ஒப்பவில்லை. பச்சைப் பிள்ளைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் வேண்டும். அழுகைதான் அது கேட்கிற வழி. சொல்லப்போனால் உதட்டைச் சப்புவதும் கையை வாய்க்குக் கொண்டுபோவதும் அழுகைக்கு முன்பே வந்துவிடும். அந்த நேரத்தில் மெசின் ஆட்டித் தூங்க வைத்துவிட்டால் பிள்ளை ஒரு வேளைப் பாலை விட்டுவிடும், தாய்க்கும் பால் கட்டிக்கொள்ளும். அது போக மிக்சி ஓடினாலும் மைக் செட்டில் பாட்டு போட்டாலும் தொட்டில் கிளம்பிவிடுகிறது. சத்தம் எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறது, என்ன சத்தம் என்று பார்ப்பதில்லை. முதல் நாளே அதை அணைத்துவிட்டேன். பிள்ளை அழுதால் ஆள்தான் போகிறோம்.

இன்னொரு குறை கரண்ட் சம்பந்தப்பட்டது. கோடை மழைக் காற்று அடித்தாலே கரண்ட் போய் வருகிற ஊர் இது. கரண்ட் திரும்பி வந்ததும் இந்த மோட்டார் மெதுவாகத் தொடங்காமல் பழைய வேகத்தில் எடுத்த எடுப்பிலேயே இழுக்கிறது. திடீரென்று ஒரு குலுக்கல், பிள்ளை விழித்துக்கொள்கிறான். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைத்து நிறுத்தத் தெரிந்த மெசினுக்குத் தொடங்கும்போது அதையே செய்யச் சொல்லிக்கொடுப்பது சின்ன வேலை. தயாரிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கவனியுங்கள். இப்போதைக்கு இன்வெர்ட்டர் லைனில் போட்டிருக்கிறேன், பிரச்சினை இல்லை. 30 நிமிட டைமர் நன்றாக வேலை செய்கிறது.

ராத்திரித் தூக்கம் ஏணையில் கிடையாது. துணித் தொட்டிலில் பிள்ளையின் உடம்பு வளைந்து, தாடை நெஞ்சோடு ஒட்டினால் மூச்சுக்குழல் மடிந்துவிடும்; பச்சைப் பிள்ளையால் தலையைத் தானாக நிமிர்த்திக்கொள்ள முடியாது. சமதளமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்கவே கூடாது என்று 2022-ல் சட்டம் போட்டுவிட்டார்கள். ஏணையில் வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஏணைக் கயிறு எப்போதும் யாரோ ஒருவர் கையில் இருந்தது. மெசின் வந்தால் ஆள் எழுந்து போய்விடுவார், ஆபத்து அங்கேதான். எங்கள் வீட்டில் பகல் தூக்கம் மட்டும் ஏணையில், அதுவும் யாராவது ஒருவர் முகம் தெரிகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தால்தான்.

அத்தைக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. “ஏங்க மாப்பிள்ளை, ஆட்டறதுக்கு ஆளா இல்ல? நாங்க இத்தனை பேரு இருக்கமே” என்றார். உத்திரத்தில் இருக்கிற இதே கொக்கியில்தான் என் மனைவியையும் ஆட்டியிருக்கிறார், அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. இப்போது ஏணைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காலை நீட்டிக்கொண்டு, “ஆட்டறத அது பாத்துக்கட்டும், பாட்டு நான் பாடிக்கறேன்” என்கிறார். முட்டி வலிக்காமல் பேரனோடு உட்கார முடிகிறது. மனைவி மத்தியானத்தில் படுத்துத் தூங்குகிறாள். இந்த இரண்டுக்காகவே கொடுத்த காசு தகும்.

மெசினால் ஆகாத நாளும் வரும். 6 வாரத் தடுப்பூசி போட்ட அன்று பிள்ளைக்கு லேசான காய்ச்சல், தொடை வீக்கம். ஏணையில் போட்டதுமே வீறிட்டான், ஊசி போட்ட கால் துணியில் அழுந்துகிறதல்லவா. அன்றைக்கு லீவு சொல்லிவிட்டுத் தோளிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். 10 வாரம், 14 வாரம் ஊசிகளுக்கு முன்கூட்டியே காலண்டரில் விடுப்புப் போட்டுவிட்டேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

மூன்றாம் மாதம் வேகத் திருகு லூசாகிவிட்டது. கடையில் கேள்வி கேட்காமல் வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பிள்ளை புரள ஆரம்பித்ததும் கழற்றிவிட வேண்டும், அதற்கு மேல் ஏணை பாதுகாப்பில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கட்டம் நெருங்கிவிட்டது. மச்சினிக்கு இப்போது ஏழாம் மாதம், மோட்டார் அடுத்து அங்கே போகிறது. ஸ்பிரிங்கையும் கயிற்றையும் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.