கார் ஷெட்டைப் பட்டறையாக்குதல்: சில மழைக்காலம் கடந்தபின் எது தாங்கியது, எது தாங்கவில்லை

சென்னைப் புறநகர்த் தனி வீடுகளில் வழக்கமாக இருப்பது பத்துக்கு இருபது அடி கார் ஷெட். மூன்று பக்கம் சுவர், முன்னால் ஷட்டர், மேலே தகரம். ஆயில் மாற்ற, பிரேக் பேட் மாற்ற, பைக்கைப் பிரித்துச் சேர்க்க இந்த இடமே தாராளம். குறைந்த செலவில் அதைப் பட்டறையாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஸ்பேனர் செட்டிலும் கம்ப்ரஸரிலும் ஆரம்பிக்கிறார்கள். நீண்ட காலப் பயன்பாட்டைப் பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். காசு முதலில் தரைக்கு, அடுத்தது ஒயரிங்குக்கு, பிறகு வெளிச்சத்துக்கு. கருவியை மாதம் ஒன்றாக வாங்கிச் சேர்க்கலாம். தரையைத் தவணையில் போட முடியாது. சாமானெல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு அதை உடைக்கவும் மனம் வராது.

தரையில்தான் அதிகத் தவறு நடக்கிறது. புதிதாகப் போடுவதாக இருந்தால் நன்றாகத் திமிசு போட்ட மண்ணின் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து, அதன்மேல் நான்கு அங்குல கான்கிரீட், சிமென்ட், மணல், ஜல்லி 1:1.5:3 கலவை. 200 சதுர அடிக்குச் சுமார் 67 கன அடி கான்கிரீட் வரும். சிமென்ட் 15 மூட்டை பிடிக்கும். பாலித்தீனைக் கொத்தனார்கள் தேவையில்லை என்பார்கள். அதை விட்டால் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கீழிருந்து ஓதம் ஏறும். தரையில் வைத்த அட்டைப்பெட்டி, டயர், ரேக் கால் எல்லாம் அந்த ஈரத்தைக் குடிக்கும். தண்ணீர் வடியும் வாட்டம் பின்சுவரிலிருந்து ஷட்டர் வரை மொத்தம் இரண்டரை அங்குலம் போதும். அதற்கு மேல் கொடுத்தால், வண்டியைத் தூக்கும் சக்கரம் வைத்த டிராலி ஜாக் நிற்கும் இடத்தில் நிற்காது. பத்தடிக்கு ஒரு இடத்தில் ஓர் அங்குல ஆழத்துக்குக் குறுக்கே வெட்டு விட வேண்டும்; இல்லாவிட்டால் கான்கிரீட் தனக்குப் பிடித்த இடத்தில் விரிசல் விடும். இப்போது கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்குத் தண்ணீர் கட்டுவது பத்து நாளாவது வேண்டும்.

தரைமேல் பூசும் எபாக்ஸி என்ற பிசின் பூச்சு பார்க்க அழகு. ஆனால் ஓதம் ஏறும் பழைய தரையில் அது நிலைக்காது. முதலில் டயர் நிற்கும் நான்கு இடத்தில் உரியும், பிறகு கொப்புளம் விட்டுப் பொரிந்துவிடும். பூசுவதற்கு முன் ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீனைத் தரையில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ எபாக்ஸியை மறந்துவிடலாம். புதுத் தரையானாலும் 28 நாளுக்கு முன் பூசக் கூடாது. பட்ஜெட் சிறியதென்றால், வழுவழுப்பாகத் தேய்த்து முடித்த வெறும் கான்கிரீட்டே சிறந்தது என்பது என் தீர்மானமான கருத்து. ஆயில் கறை பிடிக்கும். பிடிக்கட்டும், மரத்தூளைத் தூவிப் பெருக்கினால் வழுக்காது.

பார்க்கிங் டைல்ஸ் ஏற்கனவே ஒட்டியிருந்தால் ஒரு ஸ்பேனரின் பின்புறத்தால் தட்டிக் கேளுங்கள். வெற்றுச் சத்தம் வரும் டைல் உள்ளே கலவை நிரம்பாதது. கார் டயர் ஏறினால் தாங்கும். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டேண்டின் காலுக்குக் கீழே உடைந்துவிடும், உடையும்போது ஸ்டேண்டும் சாயும். ஸ்டேண்டுக்குக் கீழே ஓரடிச் சதுர, 18 மி.மீ. பிளைவுட் துண்டு எப்போதும் வேண்டும்.

அடுத்தது மின்சாரம். பட்டறைக்கென்று தனி லைன் மெயின் பெட்டியிலிருந்தே வர வேண்டும். போர்டிகோ விளக்கிலிருந்து இழுத்த ஒயரில் கம்ப்ரஸர் ஓட்டுவது தீப்பற்ற வழி. கம்ப்ரஸருக்கும் வெல்டிங்குக்கும் 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 20 ஆம்பியர் ‘சி’ வகை எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானாக விழும் ஸ்விட்ச்). சாதாரண 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, விளக்குக்கு 1.5. எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஈரத்தரையில் செருப்பில்லாமல் நின்று டிரில் பிடிப்பவர், மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் வேலை செய்யவே கூடாது. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். மழைக்காலத்தில் அது அடிக்கடி விழுந்தால் குறை பெரும்பாலும் வெளிப்புற விளக்கில் தண்ணீர் புகுந்ததாக இருக்கும். வெளி விளக்குகளைத் தனி லைனுக்கு மாற்றுங்கள், ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேரடியாக இணைத்துத் தரும் எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிடாதீர்கள்.

பிளக் பாயிண்டுகள் தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கட்டும். வெள்ளம் ஒரு காரணம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும் என்பது இன்னொரு காரணம். ஸ்விட்ச் போடும் பொறி அந்த மட்டத்தில் இருக்கக் கூடாது.

வெளிச்சத்தில் எல்லோரும் செய்வது கூரை நடுவில் ஒரு பெரிய விளக்கு. கார் உள்ளே வந்ததும் அது காரின் கூரைக்கு மட்டும் வெளிச்சம் போடும்; வேலை செய்யும் பக்கம் நம் நிழலே விழும். நான்கடி 20 வாட் எல்.இ.டி. டியூப் நான்கை, பக்கச் சுவருக்கு இரண்டாக, எட்டடி உயரத்தில் மாட்டுங்கள். ஒன்று சுமார் 2,000 லூமென் தரும். இதோடு காந்த அடிப்பாகம் உள்ள சார்ஜ் விளக்கு ஒன்று. இந்த மொத்தச் செலவில் கிடைக்கும் பலனுக்கு வேறெந்தப் பொருளும் ஈடில்லை.

பெஞ்சை வாங்க வேண்டாம், அடித்துக்கொள்ளலாம். 40×40×5 மி.மீ. எல் ஆங்கிள், ஆறு மீட்டர் நீளத்தில் இரண்டு. எடை சுமார் 36 கிலோ. ஒன்றில் 1,490 மி.மீ. துண்டு நான்கு. மற்றதில் கால் நான்கு, 880 வீதம். குறுக்கு நான்கு, 600 வீதம். சேதாரம் கையளவுதான். மேலே 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு. எட்டுக்கு நான்கு ஷீட் ஒன்றிலேயே இரண்டும் கிடைத்து, கீழ்த்தட்டுக்கும் மிஞ்சும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டாகப் பாருங்கள். சாதாரண பிளைவுட் இரண்டாம் மழைக்காலத்தில் ஓரம் பிரிந்து வீங்கும். கடப்பா கல் மேற்பரப்பு மலிவு, ஆயில் பிடிக்காது, ஆனால் சுத்தியல் அடி ஒன்று விழுந்தால் இரண்டு துண்டு. வைஸ் நான்கங்குலம் போதும். பெஞ்சின் காலுக்கு நேர் மேலே போல்ட்டு போட்டு மாட்டுங்கள். வார்ப்பிரும்பு வைஸின் மேல் வைத்துத் தட்டினால் தாடை விண்டுபோகும். அடிப்பதற்குத் தனியாக ஒரு துண்டு தண்டவாள இரும்பைப் பழைய இரும்புக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பெஞ்சைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டங்குலம் தள்ளிப் போட்டால் கரையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

கருவி விஷயத்தில் ஒரு கொள்கை. நூறு நூற்றைம்பது பீஸ் என்று பெட்டியில் வரும் செட் வேண்டாம். அதில் பாதிக்கு மேல் கையே படாத பிட்டுகள். ராட்செட்டின் பல் முதலில் நழுவும், பிறகு மொத்தப் பெட்டியும் மூலைக்குப் போகும். நம் ஊர் மாருதி, ஹோண்டா, ஹீரோ வண்டிகளில் 10, 12, 14, 17, 19 மி.மீ. தான் திரும்பத் திரும்ப வரும். இவற்றில் அறுகோண சாக்கெட் ஒரு வரிசை, தபாரியா போன்ற நம்பகமான கம்பெனியின் ரிங் ஸ்பேனர் ஒரு வரிசை, அரை அங்குல ராட்செட் ஒன்று. வீல் நட்டு மாருதிக்கு 19, ஹூண்டாய்க்கு 21. பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலையை வழித்துவிடும்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஜப்பானிய வழிவந்த என்ஜின்களின் கவர் திருகுகளில் இருக்கும் கூட்டல் குறி, கடையில் கிடைக்கும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் செய்த டிரைவர் வேண்டும். மற்றதைக் கொண்டு முறுக்கினால் மேலே ஏறி நழுவித் தலையை மழுக்கிவிடும். பிறகு டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டிவரும். இந்த ஒரு டிரைவர் பல கவர்களைக் காப்பாற்றும்.

இரண்டு டன் டிராலி ஜாக், மூன்று டன் ஸ்டேண்டு ஒரு ஜோடி. ஜாக் தூக்குவதற்கு மட்டும். ஸ்டேண்டு இல்லாமல் வண்டிக்குக் கீழே கை நீட்டாதீர்கள், ஒரு நிமிட வேலையானாலும் சரி. தரையில் வாட்டம் இருப்பதால் தூக்காத பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கட்டாயம். ஜாக்கை எப்போதும் முழுக்க இறக்கியே வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு துருப்பிடித்தால் அந்தத் துருவே உள்ளிருக்கும் ரப்பர் சீலைக் கிழிக்கும். சில வருடத்தில் தானாக இறங்க ஆரம்பித்தால் சீல் கிட் மாற்றினால் போதும், புது ஜாக் தேவையில்லை. உள்ளே ஹைட்ராலிக் ஆயில் மட்டும். பிரேக் ஆயில் ஊற்றினால் ரப்பர் ஊறிக் கெடும்.

குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஆடம்பரமில்லை. வீல் நட்டு, ஆயில் போல்ட்டு இரண்டுக்குமே அது வேண்டும். என்ஜின் ஆயில் நிற்கும் அலுமினியம் சம்ப்பில் மரை போனால் ரெஞ்சின் விலையைவிடப் பழுதுச் செலவு அதிகம். வேலை முடிந்ததும் அடி அளவுக்குத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் களைத்துக் கணக்கு தவறும்.

கம்ப்ரஸர் வாங்குவதற்கு முன் எதற்கு என்று யோசியுங்கள். டயருக்குக் காற்று மட்டுமென்றால் 12 வோல்ட் பம்ப் போதும். காற்றால் நட்டு கழற்றும் இம்பாக்ட் கன்னுக்கு 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்கு நாலைந்து கன அடி காற்று தொடர்ந்து வர வேண்டும். சிறிய டேங்க் அரை நிமிடத்தில் திணறும். கம்ப்ரஸர் எட்டாத இடத்துக்குக் காற்றுக் குழாயை நீட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் ஒயரை நீட்டாதீர்கள். மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் உறுமிக்கொண்டே நின்று சூடேறும்; மாலை நேரக் குறைந்த வோல்டேஜும் சேர்ந்தால் கெப்பாசிட்டர் போய்விடும். ஓட்டிய ஒவ்வொரு நாளும் டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். நம் காற்றின் ஈரப்பதத்தில் டேங்க் உள்ளிருந்து அரிப்பது வெளியே தெரியாது. ஓட்டை விழுந்த டேங்கை வெல்டு வைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

கூரைத் தகரத்தில் முதலில் ஒழுகுவது திருகு போட்ட இடம். ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்துவிடும். பழைய ஓட்டையில் அதே அளவுத் திருகு பிடிக்காது, ஒரு அளவு பெரியதைப் போடுங்கள். மேலே வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சு அடிப்பது ஏப்ரல், மே மாதத்தில் நன்றாகவே தெரிகிறது. சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள சந்து காற்றுக்குத் தேவை. ஆனால் கால் அங்குலக் கண் உள்ள கால்வனைஸ்டு வலை அடித்தாக வேண்டும். அரை அங்குலக் கண்ணில் எலிக்குஞ்சு புகுந்துவிடும், பிறகு அது தேடிப் போவது என்ஜின் ஒயரிங்கை. நாய்த்தீனி, அரிசி மூட்டை எதையும் அங்கே வைக்காதீர்கள். ஷட்டர் தடத்துக்கு கிரீஸ் வேண்டாம், தூசி ஒட்டி மாவாகும். சிலிக்கோன் ஸ்பிரே போதும்.

ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் நான்கு கிலோ ஒன்று, பின்சுவரில் இல்லாமல் ஷட்டர் பக்கம் மாட்டுங்கள். தீ நடுவில் இருந்தால் பின்னால் போக முடியாது. அதன் அழுத்தமானியின் முள் பச்சையில் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். வடித்த என்ஜின் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு ஆயிலை மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள். கூலண்ட், பிரேக் ஆயில் எதையும் அதே கேனில் கலக்காதீர்கள். கலந்தால் வாங்க மாட்டார்கள்.